நினைவேடும் மேலாடையும்

விழா மலர்க் குழுவினர் எம்மிடம் வேண்டியது, எமக்குத் தமிழ் கற்பித்த ஆசான்களைப் பற்றிய ஒரு கட்டுரை. அதனை எழுத எம்மினும் தகுதியுடையோர் பலர் உளர். ஆதலின் நாம் வேறொன்றை எழுதத் துணிந்தோம். இது நம் பழைய மாணவர் சங்க இணையத்தளத்தின் கதை. அதனுள் எமது பிழையொன்றின் கதையும் உண்டு. அப்பிழையைக் கூட்டத்தின் நடுவே வேறொருவர் தலையிற் சுமத்தினோம். சுமத்திய இடம் பொதுவிடம். இறக்கி வைக்கும் இடமும் பொதுவிடமாதல் முறையே.

நாம் குடியிருப்பது ஒருகொடவத்தையில். பேஸ்லைன் வீதியிலிருந்து அவிசாவளை வீதி பிரியும் சந்திக்கு அண்மையில் எமது இல்லம். துறைமுகத்திற்குப் போவதும் வருவதுமான கொள்கலன் லொறிகளின் முழக்கத்திற்கு நடுவேதான் நாம் மாணவரின் கட்டுரைகளைத் திருத்துவதும், மாலை விளக்கேற்றித் தேவாரம் ஓதுவதும். வெளியூரிலிருந்து வரும் உறவினர் முதல் நாள் இரவு உறங்கார்; மூன்றாம் நாள் எம்மைப்போல் ஆகிவிடுவர்.

2016 ஆம் ஆண்டு மே மாதத்திற் களனி கங்கை பெருக்கெடுத்துக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளை மூழ்கடித்ததைக் கொழும்பில் வாழ்வோர் மறவார். சங்கத்தின் பழைய மலர்களும் படங்களும் அப்பொழுது வெல்லம்பிட்டியில், எம் மைத்துனர் வீட்டுக் கீழ்த்தளத்தில், ஓர் இரும்பு அலுமாரியில் இருந்தன. நீர் வடிந்தபின் அலுமாரியைத் திறந்தோம். மலர்கள் செங்கற்களைப் போலிருந்தன. ஒன்றை எடுத்து மெல்லப் பிரித்தோம். ஒரு பக்கத்தின் எழுத்தெல்லாம் எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மைத்துனர் எம் கையைப் பிடித்து, “விடுங்கோ அத்தான், பிரிக்கப் பிரிக்கத்தான் போகுது” என்றார். அன்றுதொட்டு, மறைந்த மாணவர்களைப் பற்றிச் சங்கத்திடம் எஞ்சியிருந்தது இணையத்தளத்தில் ‘நினைவேடு’ என்னும் பகுதி ஒன்றே. ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். ஒரு படம், அவர் கல்லூரியிற் பயின்ற ஆண்டுகள், உடன் பயின்றோர் எழுதிய சில பத்திகள். அவ்வளவுதான். ஆயினும் அதனைத் தேடி வருவோர்க்கு அது சிறிதன்று.

அத்தளத்தை 2012 இல் அமைத்துத் தந்தவர் நம் கல்லூரியின் இளைய பழைய மாணவர் ஒருவர். சாதாரண தரப் பரீட்சைக்கு எம் வீட்டுத் திண்ணையிலிருந்து தமிழ் படித்தவர். கூலி ஒரு சதமும் பெற்றாரல்லர். பெயரைச் சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்டமையால் ‘தம்பி’ என்றே குறிப்பிடுவோம். நாம் அவரை அழைப்பதும் அவ்வாறே.

தளம் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளால் ஆனது. 2003 ஆம் ஆண்டில் மற் முல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவர், அதற்கு முன்னிருந்த பி2 என்னும் மென்பொருளின் நிரலை எடுத்து, உரிமம் இடங்கொடுத்தவாறே திருத்தி வெளியிட்டது அது. இன்று உலகத்து இணையத்தளங்களில் ஐந்தில் இரண்டு பங்கிற்கு மேற்பட்டவை அதன்மேல் இயங்குகின்றன. விலையில்லை, நிரலை எவரும் பார்க்கலாம், மாற்றலாம், பிறர்க்கு வழங்கலாம். இத்தகையதனைக் கட்டற்ற மென்பொருள் என்பர். அப்பெயரைக் கேட்டு, அதனுள்ளே கட்டு எதுவும் இராது என்று நாம் எண்ணியது எம் பேதைமை.

2018 இற் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு எம்மிடம் வந்தது. பழைய தளம் கைத்தொலைபேசியின் சிறு திரைக்கு ஏற்றதன்று. எழுத்து எறும்பு போலத் தெரியும். வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் பலர் முறையிட்டனர். வேர்ட்பிரஸில் தளத்தின் புறத்தோற்றத்தை மாற்றுவது எளிது என்று எவரோ சொல்லக் கேட்டு, ஒரு சனிக்கிழமை இரவு நாமே அப்பணியில் இறங்கினோம். தோற்றத்தைத் ‘தீம்’ என்பர். ஆயிரக்கணக்கான தோற்றங்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. அழகிய ஒன்றைத் தெரிந்து, ‘இயக்கு’ என்னும் பொத்தானை அழுத்தினோம். கண்ணிமைக்கும் பொழுதில் தளம் புத்தாடை புனைந்து நின்றது. மனைவியை அழைத்துக் காட்டினோம். அவரும் நன்று என்றார்.

மூன்றாம் நாள் காலை, கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அம்மையாரின் தொலைபேசி அழைப்பு. அவருடைய ஒரே மகன் நம் கல்லூரியிற் படித்து, இருபத்தாறாம் வயதில் நோயுற்று மறைந்தவர். ஆண்டுதோறும் திவச நாளன்று அம்மையார் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குச் சென்று வந்து, கைத்தொலைபேசியில் மகனுடைய நினைவேட்டுப் பக்கத்தைத் திறந்து சிறிது நேரம் இருப்பார். கல்லூரிக் கிரிக்கெட் தொப்பியணிந்து அப்பிள்ளை சிரிக்கும் படம் வேறெங்கும் இல்லை. அதன் மூலப்படம் வெல்லம்பிட்டி அலுமாரியில் இருந்தது.

“மாஸ்டர், மகன்ரை பக்கம் வருகுதில்லை” என்றார்.

திறந்து பார்த்தோம். அப்பக்கம் மட்டுமன்று, நினைவேடு முழுவதும் இல்லை. பட்டியலில் இல்லை, தேடினாலும் இல்லை, பழைய முகவரியைக் கொடுத்தால் ‘அவ்வாறு ஒரு பக்கம் கிடையாது’ என்று பதில் வந்தது. எமக்கு உடல் நடுங்கிற்று. அன்று மாலை வெள்ளவத்தையில் நடைபெற்ற செயற்குழுக் கூட்டத்தில், “தம்பி பொறுப்பில்லாமற் கட்டிய தளம், ஓர் ஆடையை மாற்றினால் உடலே மறைகிறது!” என்று உரத்த குரலிற் கூறினோம். தம்பி அங்கே இருந்தார். மறுமொழி எதுவும் கூறவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவதாகச் சொல்லி எழுந்தார். ஆனால் அன்றிரவே பழைய தோற்றத்தை மீண்டும் இயக்கிவிட்டார். நினைவேடு முழுவதும், ஓர் எழுத்தும் குறையாமல், திரும்பி வந்து நின்றது. அம்மையாருக்கு அதனைச் சொன்னபொழுது இரவு பத்து மணி.

ஞாயிறன்று தம்பி எம் திண்ணையில் அமர்ந்து விளக்கினார். “சேர், ஒன்றும் அழியவில்லை. எழுத்தும் படத்தின் விவரமும் தரவுத்தளத்தில் அப்படியே இருந்தன. ஆனால் ஒவ்வொரு பதிவின் நெற்றியிலும் ‘இது நினைவேடு என்னும் இனத்தைச் சேர்ந்தது’ என்று எழுதியிருக்கிறது. அந்த இனம் என்ன என்பதை மென்பொருளுக்கு அறிமுகஞ் செய்யும் நிரல் பழைய தோற்றத்துக்குள் இருந்தது. தோற்றம் போனதும் அறிமுகமும் போயிற்று. மென்பொருள் தான் அறியாத இனத்தைக் காட்டாது.”

அந்நிரல் எத்தனை வரி என்று கேட்டோம். “இருபத்தைந்து இருக்கும்” என்றார்.

இனி நாம் அறிந்துகொண்டதைச் சொல்வோம். வேர்ட்பிரஸின் வரலாறே பிணைந்தவற்றைப் பிரித்த வரலாறு. 2004 மே மாதத்து 1.2 ஆம் பதிப்பிலேதான் ‘பிளகின்’ எனப்படும் சொருகிகள் வந்தன. அதாவது மென்பொருளின் நடுநிரலைத் தொடாமலே ஒரு புதிய தொழிலை அதனோடு சேர்க்கும் முறை. நடுநிரலிற் குறித்த இடங்களில் ‘ஹூக்’ எனப்படும் கொக்கிகள் உண்டு; சொருகி அவற்றில் தன்னை மாட்டிக்கொள்கிறது. 2005 பெப்ரவரியில் 1.5 ஆம் பதிப்போடு தோற்றங்கள் தனியே பிரிந்தன. ‘நினைவேடு’ போலப் பதிவுக்குப் புது இனம் வகுக்கும் வசதி 2010 ஜூனில், 3.0 ஆம் பதிப்பில், முழுமை பெற்றது. எழுத்து தரவுத்தளத்தில், தொழில் சொருகியில், அழகு தோற்றத்தில் என்பது முறை. வேர்ட்பிரஸின் பொதுத் தொகுப்பிற் சேர்க்கப்படும் தோற்றங்கள் பதிவினங்களை வகுத்தலாகாது என்று விதியே உண்டு. ஆனால் ஒருவர் தம் தளத்துக்கெனக் கைப்படச் செய்யும் தோற்றத்தை எவரும் சோதிப்பதில்லை. நம் பழைய தோற்றம் அவ்வகையது.

தம்பி இதனைச் சொல்லிக்கொண்டிருக்கையில் வீதியில் ஒரு கொள்கலன் லொறி திரும்பிற்று. எம் பகுதியிலுள்ள கொள்கலன் முற்றங்களில் நாள்தோறும் காணும் காட்சியைப் பற்றி நாம் ஒருபோதும் எண்ணியதில்லை. லொறியின் முன்தலை வேறு, பின்னிழுவை வேறு, அதன்மேல் இருக்கும் பெட்டி வேறு. பெட்டியின் நான்கு மூலைகளிலும் ஒரே அளவான துளைகள்; இழுவையிலுள்ள பூட்டுகள் அவற்றுட் புகுந்து திரும்பிப் பற்றிக்கொள்ளும். பூட்டைத் திருப்பினால் எந்தப் பெட்டியும் எந்த இழுவையிலிருந்தும் கழலும். 1956 ஏப்பிரலில் அமெரிக்கரான மல்கம் மக்லீன் 58 பெட்டிகளைக் கப்பலிலேற்றி நியூவாக்கிலிருந்து ஹியூஸ்டனுக்கு அனுப்பியதிலிருந்து இவ்வழக்கம் பரவிற்று. பெட்டியை லொறியோடு உருக்கி ஒட்டியிருந்தால், லொறி பழுதுபட்ட அன்று சரக்கும் வீதியிலேயே கிடக்கும். நம் நினைவேடு அவ்வாறு ஒட்டப்பட்ட சரக்கு.

எமக்கு இலக்கணத்தில் வைத்துப் பார்த்தால்தான் எதுவும் மனத்திற் பதியும். ஏட்டுச் சுவடியிற் புள்ளியும் இல்லை, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளியும் இல்லை. எல்லாம் புணர்ந்து ஓடும். படிக்கத் தெரிந்தவர் இருக்கும்வரை அதனாற் கேடில்லை. ஆறுமுக நாவலர் (1822–1879) உரைநடை நூல்களை அச்சேற்றியபொழுது நிறுத்தக் குறிகளையிட்டுப் பொருள் விளங்கச் செய்தார். தமக்குப் பின் வருவோர், பக்கத்தில் ஆசிரியர் இல்லாமலும் படிக்க வேண்டுமென்று அவர் கருதியிருத்தல் கூடும். தம்பியின் நிரலும் ஒரு சுவடிதான். அவர் இருக்கும்வரை அது நன்கு ஓடிற்று. அவரறியாமல் நாம் கை வைத்தபொழுதுதான் தாள் ஒட்டிக்கொண்டு வந்தது.

எல்லாவற்றையும் பகுத்துவிடுவதே நன்று என்பதும் எம் கருத்தன்று. வேங்கை என்பது மரத்தையோ விலங்கையோ குறிக்கும்போது பகாச்சொல். ‘வேம் கை’ எனப் பிரித்தால் வேகின்ற கை. எங்கே பகுப்பது என்பது அறிந்து பகுக்க வேண்டும். மென்பொருளாரும் ஒருமுறை இதிற் கையைச் சுட்டுக்கொண்டனர். 2016 மார்ச்சில், ஒரு சொல்லின் இடப்புறத்தே வெற்றிடம் நிரப்பும் ‘லெஃப்ட்பாட்’ என்னும் சிறு நிரற்பொதி, வெறும் 11 வரி, அதனை எழுதியவரால் பொதுத் தொகுப்பிலிருந்து நீக்கப்பட்டது. அதனை நம்பியிருந்த எண்ணிறந்த மென்பொருள்கள் உலகெங்கும் சில மணிநேரம் கட்டியெழுப்ப முடியாமல் நின்றன. பதினொரு வரிக்கும் பிறர் வீட்டுப் படியில் நிற்பது மிகைப்பகுப்பு. நம் நினைவேட்டின் செய்தி அதுவன்று.

பிரிக்கும் பணி மூன்று ஞாயிறு நடந்தது. தம்பி தளத்தின் படியொன்றைத் தம் கணினியில் அமைத்து அதன்மேலேதான் கத்தி வைத்தார். அந்த இருபத்தைந்து வரியையும் எடுத்து ஒரு சொருகியாக்கி இயக்கினார். திரை வெள்ளையாயிற்று, ஓர் எழுத்தும் இல்லை. எமக்கு மூச்சு நின்றது. தம்பி சிரித்தார். ஒரே பெயருடைய சார்பு பழைய தோற்றத்திலும் இருக்கிறது, சொருகியிலும் இருக்கிறது. ஒரே பெயரை இருமுறை அறிவித்தால் மென்பொருள் மேற்கொண்டு செல்லாது என்றார். ஒரு வகுப்பில் ஒரே பெயருடைய இருவர் இருந்தால் நாம் தலைப்பெழுத்தைச் சேர்த்து அழைப்போமன்றோ? அவரும் அவ்வாறே சொருகியின் சார்புகளுக்கெல்லாம் ஒரு முன்னொட்டுச் சேர்த்தார். பதிவினத்தின் பெயரைமட்டும் மாற்றவில்லை. மாற்றினால் தரவுத்தளத்திலுள்ள பதிவுகளின் நெற்றியெழுத்தோடு பொருந்தாது. பின்னர்ப் பட்டியல் தோன்றிற்று, பக்கங்கள் தோன்றவில்லை. முகவரி விதிகளை ஒருமுறை மீளச் சேமித்த பின்னரே அவையும் வந்தன. அவர் பொறுமையாய்ச் செய்தார். நாம் தேநீர் வைத்துக் கொடுத்தோம்.

புதிய தோற்றத்தை இயக்கிப் பார்த்தோம். நினைவேடு நின்றது. ஆனால் மூன்றிலொரு பங்குப் பக்கங்களில் தமிழே இல்லை! ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் சிதறிக் கிடந்தன. கொட்டாஞ்சேனைப் பிள்ளையின் பக்கமும் அவற்றுள் ஒன்று.

இது இரண்டாம் பிணைப்பு. இதற்குக் காரணர் நாமே. அக்காலத்தில் எமக்குத் தட்டெழுதத் தெரிந்தது பாமினியில் மட்டும். பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று எழுதினால், கணினியினுள் இருப்பது அம்மா அன்று; எம், கே, அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகள். அவற்றின்மேற் பாமினி உருவைப் போர்த்தினால் அம்மா தெரிவாள். போர்வையை எடுத்தால் மறைவாள். பழைய தோற்றத்தில் அந்த எழுத்துருவை ஏற்றும் வரி இருந்தது, புதியதில் இல்லை. ஒருங்குறியில் அம்மாவுக்கும் ஐந்தே குறிகள்தாம்: அகரம், மகரம், புள்ளி, மகரம், கால். ஆனால் அவை தமிழெழுத்துக்கெனவே வகுத்த எண்கள். எந்த ஆடையிலும் தமிழாகவே இருக்கும். தேடினாலும் அகப்படும். அம்மையார் தம் மகன் பெயரைத் தேடுபெட்டியில் எழுதி ஒருநாளும் கிடைத்ததில்லையென்று முன்பு சொன்னபொழுது, அவருக்குத் தட்டெழுதத் தெரியாது என்று நாம் எண்ணியிருந்தோம்.

மாற்றி எழுதும் கருவிகள் பல உண்டு. ஆயினும் பாமினியிற் கொம்பு முன்னர் வரும். ஒருங்குறியில் மெய்க்குப் பின்னர் வரும். ‘கொ’ என்பது அங்கே கொம்பு, ககரம், கால் என மூன்று. இங்கே ககரமும் ஒகரக் குறியும் என இரண்டு. முன்பின் மாற்றி அடுக்கும்போது ஊர்ப்பெயர்களும் இடையில் வந்த ஆங்கிலச் சொற்களும் சிதைந்தன. ஒவ்வொரு பக்கத்தையும் நாமே படித்துத் திருத்தினோம். பள்ளி விடுமுறை முழுவதும் அதற்கே சென்றது. தமிழாசிரியனுக்கு ஏற்ற தண்டனை என்று தம்பி சொல்லவில்லை, மனைவி சொன்னார்.

அப்பொழுது தம்பி சொன்ன ஒரு செய்தி எமக்கு இனித்தது. விக்கிப்பீடியாத் தளங்களில் இந்திய மொழிகளைத் தட்டெழுத ‘நாராயம்’ என்னும் நீட்சி ஒன்று இருந்தது. மலையாளத்தில் எழுத்தாணிக்கு அதுவே பெயர். ஆனால் அவ்வெழுத்தாணி மீடியாவிக்கி என்னும் மென்பொருளோடு பிணைக்கப்பட்டிருந்தது. பிற தளத்தார் எடுத்தாள இயலாது. விக்கிமீடியாவின் மொழிப் பொறியியற் குழுவினர் விசைப்பலகை விதிகளை அதிலிருந்து கழற்றி, ‘ஜேகுவெரி ஐஎம்ஈ’ என்னும் தனி நிரற்றொகுதியாக்கினர். 2013 இல் விக்கிகளில் நாராயத்தின் இடத்தில் அதுவே அமர்ந்தது. இன்று எந்தத் தளத்தாரும் அதனைத் தம் பக்கத்திற் பொருத்தலாம். அதனுள் தமிழ்99 உண்டு. எம்மைப் போன்றோர்க்காகப் பாமினி அடுக்கும் உண்டு. விரல் பழகிய அடுக்கு பாமினியாகவே இருக்க, உள்ளே சேமிக்கப்படுவது ஒருங்குறியாகிறது. விரலுக்கும் ஏட்டுக்கும் இடையே இருந்த கட்டை அவிழ்த்துவிட்டார்கள். இக்கட்டுரையையும் நாம் அம்முறையிலேதான் எழுதுகின்றோம்.

நிற்க. பிழை யாருடையது என்பதற்கு வருவோம். நினைவேட்டைத் திருத்தும்பொழுது, பழைய மின்னஞ்சல்களில் மூலக் கட்டுரைகளைத் தேட நேர்ந்தது. 2012 இல் தம்பி எமக்கு எழுதிய மடலொன்று அகப்பட்டது. நினைவேட்டுப் பகுதியைச் சொருகியாகத் தனியே அமைப்பதே முறையென்றும், இரண்டு நாள் தவணை வேண்டுமென்றும் எழுதியிருந்தார். அதன் கீழே எமது மறுமொழி: “நாளை மறுநாள் திறப்பு விழா. பிரிப்பது சேர்ப்பதெல்லாம் பின்னர். எல்லாவற்றையும் ஒன்றாகவே கட்டித் தாரும்.”

அதனைப் படித்தபின் நெடுநேரம் வேறெதுவும் செய்ய இயலவில்லை. கூட்டத்தில் அவர் இம்மடலை எடுத்துக் காட்டியிருக்கலாம். அது அவர் கையிலும் இருந்ததே. தொலைபேசியில் அழைத்துச் சொன்னோம். “விடுங்கோ சேர், அப்ப எனக்கும் அவ்வளவு தெரியாது” என்றார். அது உண்மையன்று. அவருக்குத் தெரிந்திருந்தது, எழுதியுமிருந்தார். செயற்குழுவிற் பின்னர் இதனைக் கூறினோமாயினும், அன்று கேட்டவர் அனைவரும் அன்று வந்திலர். எனவே இங்கும் எழுதுகின்றோம்.

இவ்விழாவையொட்டிச் சென்ற ஆண்டு தளத்தின் தோற்றம் மீண்டும் மாற்றப்பட்டது. இம்முறை பொத்தானை அழுத்தியவர் தம்பி. நாம் அருகே இருந்தோம். அழுத்திய நாள் அம்மையாரின் மகனுடைய திவச நாளுக்கு முன்னாள். மறுநாள் கல்லூரி விட்டு வந்த மாலையிலிருந்து தொலைபேசியை அருகில் வைத்துக்கொண்டே இருந்தோம். கொட்டாஞ்சேனையிலிருந்து அழைப்பு வரவில்லை. எட்டு மணிக்கு மேற் பொறுக்கமாட்டாமல் நாமே அழைத்து, பக்கம் வந்ததா என்று கேட்டோம்.

“காலமையே பாத்திட்டன் மாஸ்டர். ஏன், ஏதும் மாத்தினனீங்களோ?” என்றார்.